முப்பதாம் தேதி வரை

மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும் என்பது மைனாவதிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கு முந்தின பெற்றோர் கூட்டங்களுக்கெல்லாம் பனியன் கம்பெனியில் லீவு தரவில்லை என்று சொல்லித் தப்பித்தவள் அவள். முன்னால் எச்.எம். மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது அவள் மகள் வர்ணிகாவின் வீட்டு வாசிப்பு நோட்டு. மாதத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி, தேதிக்குப் பக்கத்தில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய பக்க எண். தினமும் பிள்ளை வீட்டில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், மறுநாள் டீச்சர் அதைப் பார்த்து அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒன்று போட வேண்டும். "முப்பத்தொரு பிள்ளைங்கள்ல ஒரு நாள் விடாமக் கையெழுத்து இருக்கறது இந்த ஒரு நோட்டுலதானுங்க. பள்ளிக்கூடமும் வீடும் கை கோத்தா எப்படி இருக்கும்னு இதைப் பாத்துக்குங்க. அந்தம்மாவே வந்திருக்காங்க, கடைசில ரெண்டு நிமிஷம் பேசுவாங்க. அப்புறம் பாப்பா ஒரு பாடம் வாசிக்கும். அதுக்குள்ள நோட்டை எல்லாரும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று எச்.எம். சொல்லி, முதல் பெஞ்சுக்காரர் கையில் நோட்டைக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மைனாவதி சிரித்த முகமாக இருந்தாள். இன்றைக்குத் தேதி பதினாலு, குழந்தைகள் தினம். நோட்டில் அவள் கையெழுத்து இந்த மாதம் முப்பதாம் தேதி வரைக்கும் இருந்தது.

யாராவது ஒருத்தர் கொஞ்சம் கீழே பார்த்தால் போதும். பதினாலுக்குக் கீழே பதினைந்து இருக்கிறது, பதினாறு இருக்கிறது, வராத நாளுக்கெல்லாம் வாசித்ததைக் கேட்டதாக ஒரு தாய் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் கூட அந்தச் சோற்றை ஊர்ப் பந்தியில் கொண்டுவந்து வைக்க மாட்டாள். இப்படி வரும் என்று நினைத்தா போட்டாள்? ஜூனில் நிஜமாகவே கேட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாயை விரித்து, பிள்ளையை மடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கம் முழுக்கக் கேட்டு, அழகாக இனிஷியலோடு கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் வர இருபது நாள், அதனால் கேட்கிற வேலையும் போடுகிற வேலையும் அவளுடையதாகவே இருந்தது. ஜூலையில் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம் வந்தது. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் காலும் இடுப்பும் யாருடையதோ மாதிரி இருக்கும். முதலில் ஒரு நாள் கேட்காமல் போட்டாள், நாளைக்குச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று. அந்த நாளை வரவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை துணி ஊறுகிற நேரத்தில் ஏழு நாளைக்கும் சேர்த்துப் போட்டாள். பிறகு, எப்படியும் போடத்தானே போகிறோம் என்று மாசம் பிறக்கிறதுக்குள் மாசத்துக்கே போட்டாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் ஒளிப்பதற்கில்லை. அரிசி வாங்கி டிரம்மில் கொட்டி மூடிவிட்டால் வருமே, அந்த நிம்மதிதான்.

நோட்டு முதல் பெஞ்சிலிருந்து இரண்டாவது பெஞ்சுக்கு வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அட்டையைத் தடவிப் பார்த்தார், உள்ளே ஒரு பக்கம் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுக் கொடுத்துவிட்டார். ஜூன் பக்கம் போலிருக்கிறது. ஜூன் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். இத்தனைக்கும் அவளுக்குக் கம்பெனியில் வேலையே பார்ப்பதுதான். செக்கிங். தைத்து வருகிற டீ-சர்ட்டை டேபிளில் விரித்து, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலால் ஓட்டி, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் தன் நம்பர் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அவள் நம்பர் பதினேழு. பதினேழு ஒட்டினால் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறான். ஒரு தடவை கடைசி நாளில், லாரி வாசலில் நிற்க, பார்க்காமலே ஒட்டிவிடு என்று அவன் கெஞ்சினபோது, "என்ற நம்பரை நான் பாக்காத பீஸ்ல ஒட்ட மாட்டனுங்க" என்று சொன்னவள்தான் அவள். எவன் நாட்டிலோ எவனோ போட்டுக்கொள்ளப் போகிற பனியனுக்கு அவ்வளவு ரோசம். அதே கைதான் ஞாயிற்றுக்கிழமை துணி ஊறுகிற நேரத்தில் பேனாவைப் பிடித்தது. இதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. சிரிப்பு வந்ததற்காக மறுபடியும் வெட்கமாக இருந்தது.

கையெழுத்தோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்குக் காலையில்தான் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் வாசிக்க வேண்டிய ஆமைப் பாடத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். வர்ணிகா புத்தகத்தைப் பிரித்துத் தரையில் வைத்து, என்ன ஒரு ஏற்ற இறக்கம், என்ன ஒரு நிறுத்தம், ஆமை குளத்தைவிட்டுக் கிளம்பி மெல்ல மெல்ல நடந்தது என்று நீட்டி நீட்டி வாசித்தபோது மைனாவதிக்குக் கண் கூடக் கலங்கியது. நாம் கேட்காவிட்டால் என்ன, பிள்ளை தானே படித்துக்கொண்டதே என்று நினைத்தாள். அந்தச் சமயத்தில் ஃபேன் காற்றுக்குத் தாள் புரண்டது. படத்தில் ஆமை போய் பஸ் வந்தது. வர்ணிகா வாயில் ஆமை நடந்துகொண்டேதான் இருந்தது. பிள்ளையின் கண் புத்தகத்தின் மேல் இருந்தது, ஆனால் வரியோடு ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றது. பதினோரு வருஷம் செக்கிங் பார்த்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. "கண்ணு, இந்தப் பஸ் பாடத்துல இங்கிருந்து படி" என்று விரலை வைத்தாள். "அதை டீச்சர் இன்னும் நடத்தலைம்மா" என்றாள் வர்ணிகா. "நடத்தாட்டி என்ன, எழுத்துத் தெரியுமல்ல? இந்த ஒரு வார்த்தை என்ன?" பிள்ளை வார்த்தையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், விடை அங்கே எழுதியிருக்கிற மாதிரி. "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்வதை இரண்டு தடவை காதில் வாங்கினால் போதும், பாடம் முழுக்க மனப்பாடமாகிவிடும் போலிருக்கிறது. புத்தி இல்லாத பிள்ளையில்லை. புத்தி இருந்ததால்தான் ஐந்து மாதம் யாருக்கும் தெரியாமல் ஓட்டியிருக்கிறாள். இப்போது அதே பிள்ளை முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரெட்டைச் சடையில் புது ரிப்பனோடு, புத்தகத்தை மார்போடு பிடித்திருந்தது. எச்.எம்முக்கு ஆர்வம் வந்து, எங்கே இந்தப் பக்கம் வாசி என்று சொல்லிவிட்டால்? நாற்பது பேருக்கு முன்னால் அந்தப் பிள்ளை யார் முகத்தைப் பார்க்கும்? அவள் பயந்தது அதற்குத்தான். தன் சாயம் வெளுப்பது பெரிய காரியமில்லை. அது வெளுக்க வேண்டிய சாயம்தான்.

அப்படியே அவர் கேட்காமல் விட்டால்? பிள்ளை ஆமைப் பாடத்தை ஒப்பிக்கும், கூட்டம் கை தட்டும், பிள்ளை இதுதான் வாசிப்பு என்று நினைத்துக்கொள்ளும், நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, ஒரு நாள் பாடம் நீளமாகிப் போகும், ரெண்டு தடவை கேட்டால் நிற்காது. எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. மனசு அங்கே போய் முட்டி, திரும்பி, எதனாலோ ஜூலை மாதத்து ஒரு ராத்திரியில் போய் நின்றது. அடுப்பில் தோசை. ஒரு காதில் போன், லைன் சூப்பர்வைசர் நாளைக்கு ஞாயிறானாலும் வர முடியுமா என்கிறான். இல்லை, அது ஞாயிறில்லை, வார நாள்தான், ஓவர்டைம் பற்றித்தான் கேட்டான். வர்ணிகா புத்தகத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்று, "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அப்புறம் கேளு கண்ணு, நோட்டைக் குடு" என்று சுவரில் வைத்து ஈரக்கையோடு கையெழுத்துப் போட்டாள். மை கலைந்தது. பிள்ளை கலைந்ததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. என்ன கேட்க வந்தது? பென்சிலா, காசா, பக்கத்து வீட்டு டி.வி.யா? புத்தகம் கையில் இருந்ததே. விரல் புத்தகத்துக்கு உள்ளே இருந்ததா? இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, இல்லை என்றும் தோன்றுகிறது. அப்புறம் அவள் கேட்கவில்லை, இவளும் விசாரிக்கவில்லை. என்ன கேட்க வந்தாள்? "ஏனம்மணி, உன்னையத்தான்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கமணி தோளைத் தட்டினாள். தங்கமணி மகனும் வர்ணிகா வகுப்புத்தான், அவளும் வேறொரு கம்பெனியில் டெய்லர். "நீ மட்டும் எப்படி டெய்லி ஒக்கார்ற? எங்கூட்டு நோட்டு பாதி காலியாக் கெடக்குது. நான் கேட்ட அன்னிக்குத்தான் போடுவேன், கேக்காத அன்னிக்கு விட்டுருவேன். அதுக்குப் போயி டீச்சர், உங்களுக்குப் பையன் மேல அக்கறையில்லீங்களானு கேட்டுட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு போ." மைனாவதி, "வேலை சாஸ்திங்களா அக்கா?" என்று எதையோ கேட்டுவைத்தாள். காலியாக விட்டவள் திட்டு வாங்குகிறாள், நிரப்பினவள் கைதட்டல் வாங்குகிறாள். தங்கமணியின் மகன் கட்டாயம் வாசிப்பான்.

நோட்டு தங்கமணி கைக்கு வந்தது. அவள் ஒவ்வொரு பக்கமாக, கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி எச்சில் தொட்டுப் புரட்டினாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பரில் நிறுத்தி, "கையெழுத்தே எத்தனை லட்சணமா இருக்குது" என்றாள். அக்டோபர். மைனாவதி கையை நீட்டி, "குடுங்கக்கா, பேசறதுக்கு முந்தி ஒருக்காப் பாத்துக்கறேன்" என்று கொஞ்சம் அழுத்தியே பிடுங்கிக்கொண்டாள். மடியில் வைத்து நவம்பரைப் பிரித்தாள். இருந்தது. மேலிருந்து கீழே ஒரே சாய்வில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்ட முப்பது கையெழுத்து. இதை ஒரு பீஸாக விரித்திருந்தால் தூரத்திலிருந்தே தூக்கி வெளியே போட்டிருப்பாள். பிறகுதான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். சிவப்பு மை. அதுவும் மேலிருந்து கீழே ஒரே சாய்வு. அதுவும் ஒரே மூச்சு. பதினாலில் நிற்கவில்லை. பதினைந்து, பதினாறு, இருபது, இருபத்தைந்து, முப்பது. முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இன்னும் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை வர்ணிகா வாசிக்கப் போவதை மைனாவதி கேட்டாயிற்று, கேட்டதைப் புனிதா டீச்சர் பார்த்தாயிற்று.

முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு சந்தோஷம். நாம் மட்டும் இல்லை. அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வரும்போது கோபமாகிவிட்டது. படித்தவர்தானே, இதற்குத்தானே சம்பளம்? அக்கறையில்லையா என்று தங்கமணியைக் கேட்ட அதே வாய். நிமிர்ந்து பார்த்தாள். புனிதா டீச்சர் ஓரத்தில் நின்றுகொண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறை, இரண்டுக்கும் அவர் ஒருத்தர்தான். ஐம்பத்தெட்டு நோட்டு. மத்தியானச் சாப்பாடு, சத்து மாத்திரை, எத்தனை பேர் வந்தார்கள் என்று போனில் ஏற்றுவது, ஏறாவிட்டால் மறுபடியும் ஏற்றுவது. வர்ணிகாவுக்குக் காய்ச்சல் வந்தபோது வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனவரும் இவர்தான். ஏதோ ஒரு மத்தியானம், கையெழுத்து எல்லாம் நிரம்பின நோட்டு ஒன்று கைக்கு வந்திருக்கும். இந்தம்மா பார்த்துக்கொள்கிறார், இங்கே நாம் பார்க்க வேண்டியதில்லை என்று சிவப்புப் பேனாவை ஓட்டியிருப்பார். சிவப்பு இருக்கிறது, டீச்சர் பார்த்துக்கொள்கிறார், நாம் பார்க்க வேண்டியதில்லை என்று இவள் நினைத்ததைப் போலத்தான். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் நம்பினார்கள். பிள்ளை பேச்சு அந்த நம்பிக்கையில் எங்கேயும் வரவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள், கிடைக்கவில்லை. அப்போது எச்.எம். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பெஞ்சிலிருந்து எழுந்ததும் முட்டி வலித்தது. மைக் வரை பத்தடி இருக்கும். என்ன சொல்வது என்று நேற்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று ஆரம்பிக்கும். அது கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது. மைக்கைப் பிடித்ததும் கம்பெனியில் ஒரு பெட்டி திரும்பி வந்த நாள் ஞாபகம் வந்தது. திரும்பி வந்த பெட்டியை எல்லோருக்கும் முன்னால்தான் பிரிப்பார்கள். ஆனால் நம்பர் ஒட்டினவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள், பீஸை யாரும் திட்ட மாட்டார்கள். "எனக்குப் பேசிப் பழக்கமில்லீங்க" என்றாள். "இந்த நோட்டுல இருக்கறது என்ற கையெழுத்துத்தானுங்க. ஆனா கேட்டுப் போட்டதில்லீங்க. மொத மாசம் கேட்டேன். அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம ஒக்காந்து மொத்தமாப் போட்டுட்டேன். இன்னிக்குத் தேதி பதினாலு. முப்பது வரைக்கும் போட்டிருக்குதுங்க." யாரோ சிரித்தார்கள். எச்.எம். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நாக்கு நுனியில் சிவப்பு மை இருந்தது, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதை விழுங்கினாள். அது அவள் நம்பர் இல்லை. "தங்கமணியக்கா நோட்டுத்தான் நெசமான நோட்டுங்க. காலியா இருக்கறதும் நெசந்தான். பாப்பா இன்னிக்கு வாசிக்க வேண்டாமுங்க சார். அவ வாசிக்கறத மொதல்ல நான் கேக்கோணும்." அவ்வளவுதான் சொன்னாள். எச்.எம். மைக்கை வாங்கி, "சரி, உண்மையைச் சொன்னதுக்கு ஒரு கைதட்டுக் குடுங்க" என்றார். கூட்டம் அதற்கும் கை தட்டியது. மைனாவதி நோட்டை நவம்பர் பக்கத்தில் பிரித்தபடியே புனிதா டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

டீயும் பிஸ்கட்டும் கொடுத்து எல்லோரும் வெளியே போன பிறகு வகுப்பில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புனிதா டீச்சர் நோட்டோடு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. "மைனாவதி, நானும்..." என்று ஆரம்பித்தார். "பாத்தனுங்க டீச்சர்" என்றாள் மைனாவதி. டீச்சருக்குக் கண் சிவந்திருந்தது. வர்ணிகா பிஸ்கட் கடித்துக்கொண்டு வந்து நின்று, "அம்மா, அப்ப நான் வாசிக்க வேண்டாமா?" என்றாள். அவமானம் என்று ஒன்று நடந்ததாகவே அந்த முகத்தில் தெரியவில்லை. சுமையை இறக்கி வைத்த முகம் அது. மைனாவதி பிள்ளையை இழுத்துத் தனக்கும் டீச்சருக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டாள். கூட்டம் முழுக்க வாய்க்குள்ளேயே கிடந்த கேள்வியைக் கேட்டாள். "அன்னிக்கு நான் தோசை சுடறப்ப ஒண்ணு கேக்கணும்னு வந்தியே கண்ணு, என்ன கேக்க வந்தே?" எந்த நாள் என்று பிள்ளை யோசிப்பாள் என்று நினைத்தாள். வர்ணிகா யோசிக்கவில்லை. பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். பாதிக்கும் முந்தின ஒரு பக்கத்தில் ஓரம் முக்கோணமாக மடித்து வைத்திருந்தது. மடிப்பு அழுக்கேறிப் பழசாகியிருந்தது. "இதுதாம்மா. இது வரைக்கும் தெரியும். இங்கிருந்து தெரியல" என்று ஒரு வரியின் நடுவில் விரலை வைத்தாள். "நீ அப்புறம் கேளுன்னு சொன்னேல்ல, மறந்துருவேன்னு மடிச்சு வச்சேன்." டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு வாசிப்பு நோட்டை ஜூலைக்குப் புரட்டி, அந்தப் பக்க எண்ணைத் தேடி விரலை நிறுத்தினார். ஜூலை ஒன்பது. ஈரக்கையில் கலைந்த கையெழுத்தும், அதற்குப் பக்கத்தில் சிவப்பும் இருந்தன.